ஊற்று நீர் காட்டும் பழைய கணக்கு

மலைக் காட்டில் பாறை இடுக்கிலிருந்து கசிந்து வரும் ஊற்று நீரைவிடச் சுத்தமான பொருள் உலகில் இல்லை என்பது பொதுவான நம்பிக்கை. அது கண்ணாடி போலத் தெளிந்திருக்கிறது. அள்ளிக் குடித்தால் தொண்டை குளிர்கிறது. அதற்கு மேலே ஆலை இல்லை, சாக்கடை இல்லை, ஊரே இல்லை. அப்படியிருக்க, அதில் அழுக்கு எங்கிருந்து வரும்?

ஆகாயத்திலிருந்து வருகிறது. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு தலைமுறைக்கு முன்னால் எரித்த கரியின் புகையிலிருந்து வருகிறது. புகை போன இடம் தெரியாமல் போய்விட்டது என்று மனிதர்கள் நினைத்தார்கள். அது எங்கும் போகவில்லை. காட்டு மண்ணுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. இப்போது சிறுகச் சிறுக ஊற்று வழியாக வெளியே வந்துகொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க உதவியது கந்தக அணு. கந்தக அணுக்கள் எல்லாம் ஒரே எடை உள்ளவை அல்ல. அந்த எடை வித்தியாசத்தை வைத்து, நீரில் உள்ள கந்தகம் எங்கிருந்து வந்தது, எந்த வழியாக வந்தது, எவ்வளவு காலம் தங்கி வந்தது என்றெல்லாம் விஞ்ஞானிகள் விசாரிக்கிறார்கள். இது ஏதோ ஆராய்ச்சிக்கூடத்து விளையாட்டு என்று தள்ளிவிடக் கூடாது. புகைபோக்கிகளைச் சுத்தம் செய்வதா வேண்டாமா என்று சர்க்கார்கள் முடிவு செய்யும் போதெல்லாம், இந்த ஊற்று நீரின் சாட்சியத்தையும் கேட்டாக வேண்டும்.

கரி தின்ற காடு

செக் நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே எல்லைச் சுவர் போல ஒரு மலைத்தொடர் நிற்கிறது. செக் மக்கள் அதை க்ருஷ்னே ஹோரி என்கிறார்கள். ஜெர்மானியர் வைத்த பெயருக்குத் தாதுமலை என்று பொருள். வெள்ளியும் வெள்ளீயமும் வெட்டியெடுத்த மலை அது. அதன் அடிவாரத்தில் பழுப்பு நிலக்கரி ஏராளமாகக் கிடைக்கிறது. அந்தக் கரியில் கந்தகம் மிகுதி.

கம்யூனிஸ்டு ஆட்சிக் காலத்தில் அங்கே மின்சார நிலையங்கள் வரிசையாக எழுந்தன. கரிக்காக ஊர்களே பெயர்க்கப்பட்டன. மோஸ்ட் என்ற பழைய நகரத்தை இடித்துக் கரி தோண்டினார்கள். அந்த ஊரின் பழைய தேவாலயத்தை மட்டும் இடிக்க மனமில்லாமல், 1975-ம் ஆண்டில் தண்டவாளத்தின் மேல் ஏற்றி 841 மீட்டர் தூரம் நகர்த்தி வைத்தார்கள். தேவாலயம் தப்பியது. காடு தப்பவில்லை.

மலை மேல் இருந்த ஸ்புரூஸ் மரங்கள் 1970, 1980-களில் பல்லாயிரம் ஏக்கரில் பட்டுப்போயின. அவை ஊசியிலை மரங்கள். ஊசியிலைகள் புகையை வடிகட்டி போலப் பிடித்துக்கொள்ளும். மழை வந்தால் அத்தனையையும் கீழே மண்ணில் கழுவி இறக்கிவிடும். கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாகியா, போலந்து ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கும் அந்தப் பிரதேசத்துக்கே 'கறுப்பு முக்கோணம்' என்று பெயர் விழுந்துவிட்டது.

மரங்களுக்கு மட்டுமா கஷ்டம்? வட பொஹீமியாவில் பனிக்காலப் புகைமூட்டம் சூழும்போது, பள்ளிக் குழந்தைகளைக் கூட்டமாக வேறு ஊர்களுக்கு அனுப்பி நல்ல காற்றை மூச்சு வாங்க வைத்தார்கள். அந்தப் பகுதியை விட்டு ஜனங்கள் ஓடிவிடாமல் இருக்க அரசாங்கம் தனிப்படி கொடுத்தது. ஊரார் அதற்கு 'சவ அடக்கப் பணம்' என்று பெயர் வைத்தார்கள்! 1989-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி டெப்லிட்ஸெ நகர மக்கள் நல்ல காற்று கேட்டு வீதியில் இறங்கினார்கள். பிராகா நகரில் ஆட்சியையே கவிழ்த்த கிளர்ச்சி தொடங்கியது அதற்கு ஆறு நாட்களுக்குப் பிறகுதான்.

புதிய ஆட்சி 1991-ல் காற்றுச் சுத்தச் சட்டம் கொண்டுவந்தது. 1998-ம் ஆண்டு முடிவதற்குள் மின்சார நிலையங்கள் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கியாக வேண்டும் என்று கெடு வைத்தது. கெடு காப்பாற்றப்பட்டது. 1990-ல் ஆண்டுக்கு 15 லட்சம் டன்னுக்கு மேல் இருந்த கந்தக டையாக்ஸைடு, 2000-ல் 3 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது. பத்தே ஆண்டில் இவ்வளவு பெரிய மாறுதலைச் சாதித்த நாடுகள் அதிகம் இல்லை.

காற்று தெளிந்தது. மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் காட்டு ஓடைகளில் கந்தகம் ஓய்ந்தபாடில்லை.

வரவு ஒன்று, செலவு மூன்று

க்ருஷ்னே ஹோரியின் சரிவில் யெஸெர்ஷி என்ற சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே பெய்யும் மழையில் எவ்வளவு கந்தகம் இறங்குகிறது, ஓடையில் எவ்வளவு கந்தகம் வெளியேறுகிறது என்று விஞ்ஞானிகள் கணக்கு எடுத்தார்கள். 2000-ம் ஆண்டு வாக்கில், உள்ளே வருவதைப்போல மூன்று மடங்கு கந்தகம் வெளியே போய்க்கொண்டிருந்தது.

ஒரு வீட்டில் வரவு ஒரு ரூபாய், செலவு மூன்று ரூபாய் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? எங்கோ பழைய பணம் புதைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கணக்கில் வராத வேறு வருமானம் இருக்க வேண்டும். மலைக்கும் அதே நியாயம்தான்.

இந்த இடத்தில் இரண்டு விதமான பேச்சு எழுவது சகஜம். "புகைபோக்கியைச் சுத்தம் செய்து என்ன பயன்? ஓடையில் இன்னும் கந்தகம் வருகிறதே! இது பாறையிலிருந்து இயற்கையாக வருவதாக இருக்கும். கோடிக்கணக்கான பணம் வீண்" என்று ஒரு சாரார் சொல்லலாம். "காற்று சுத்தமாகிவிட்டது. வேலை முடிந்தது. இனி ஓடையை அளந்துகொண்டிருப்பது வெட்டி வேலை" என்று மற்றொரு சாரார் சொல்லலாம். கேட்பதற்கு இரண்டும் நியாயம் போலத் தோன்றும். இரண்டுமே தவறு. எப்படி என்பதைக் கந்தக அணுவே காட்டிக்கொடுத்தது.

ஒரே கந்தகம், நாலு எடை

கந்தக அணு ஒவ்வொன்றிலும் 16 புரோட்டான்கள் உண்டு. அதில் மாற்றமில்லை. கூட இருக்கும் நியூட்ரான்களின் எண்ணிக்கைதான் மாறும். அதனால் 32, 33, 34, 36 என்று நாலு எடைகளில் நிலையான கந்தகம் இருக்கிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் நால்வர் எடையில் மட்டும் வேறுபடுவதைப் போன்றது இது. இவற்றைத்தான் ஐஸோடோப்புகள் என்கிறார்கள். அந்தப் பெயரைப் பிரிட்டிஷ் விஞ்ஞானி பிரெடரிக் ஸாடி 1913-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

நூறு கந்தக அணுக்களை எடுத்தால் சுமார் 95 அணுக்கள் 32 எடையுள்ளவை. சுமார் 4 அணுக்கள் 34 எடையுள்ளவை. மற்ற இரண்டும் மிக அற்பம். இந்த 34-க்கும் 32-க்கும் உள்ள விகிதம் இடத்துக்கு இடம் இம்மியளவு மாறுகிறது. அந்த இம்மியில்தான் சூட்சுமம் இருக்கிறது. கனடாவின் மாக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹென்றி தோடு என்ற ரசாயன நிபுணரும் அவருடைய சகாக்களும் 1940-களிலேயே இந்த மாறுதல்களை அளந்து காட்டி இந்தத் துறைக்கு அஸ்திவாரம் போட்டார்கள்.

அளப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அதற்கு அமெரிக்காவில் அரிஸோனா பாலைவனத்தில் விழுந்த ஒரு விண்கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்பு விழுந்து பெரும் பள்ளம் பறித்த கல் அது. அதில் உள்ள இரும்புக் கந்தகத்தின் விகிதத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, மற்றவை ஆயிரத்துக்கு எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று சொல்வது வழக்கம். இன்று அந்தக் கல்லுக்குப் பதிலாக, வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி ஸ்தாபனம் தரும் வெள்ளி ஸல்பைடு மாதிரியைக் கொண்டு அளவுகோலைச் சரிபார்க்கிறார்கள். கடல் நீரில் உள்ள ஸல்பேட் இந்தக் கணக்கில் ஆயிரத்துக்கு சுமார் 21 கூடுதல். கரியின் கந்தகமும் பாறையின் கந்தகமும் இடத்துக்கு இடம் வெவ்வேறு எண் காட்டும்.

ஊற்று நீரிலிருந்து இதை எப்படி எடுப்பது? நீரில் கந்தகம் ஸல்பேட் உப்பாகக் கரைந்திருக்கும். அதில் பேரியம் குளோரைடு கரைசலை ஊற்றினால் வெள்ளை வெளேரென்று பேரியம் ஸல்பேட் அடியில் படியும். பள்ளி ரசாயனக்கூடத்தில் மாணவர்கள் செய்யும் அதே சோதனைதான்! அந்த வெள்ளைப் பொடியை வடிகட்டி, உலர்த்தி, கொளுத்தி வாயுவாக்கி, அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் யந்திரத்துக்குள் செலுத்துவார்கள். காந்தப் புலத்தில் லேசான அணு அதிகமாக வளையும். கனமான அணு குறைவாக வளையும். பந்தயத் திடலின் வளைவில் கனத்த வண்டி வெளியே ஒதுங்குவது போல அவை தனித்தனிப் பாதையில் பிரிந்துவிடும். எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

87 நாள் கடிகாரம்

நிலையான நாலு பிள்ளைகளைத் தவிர, கந்தகத்துக்கு அற்பாயுள் பிள்ளை ஒன்றும் உண்டு. அதன் எடை 35. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் ஆகாயத்தில் உள்ள ஆர்கன் அணுக்களைத் தாக்கும்போது அது உண்டாகிறது. மழையோடு பூமிக்கு வருகிறது. சுமார் 87 நாட்களில் அதில் பாதி அழிந்துபோகும். அடுத்த 87 நாட்களில் மீதியில் பாதி அழியும். ஆகவே, நீரில் இந்தக் கந்தகம் நிறைய இருந்தால் அது புது மழையின் கந்தகம். இல்லவே இல்லையென்றால் அது பழைய சரக்கு. இயற்கையே முத்திரைத் தேதி குத்தி அனுப்புகிறது!

2000-ம் ஆண்டின் பனிக்காலத்திலும் வசந்தத்திலும் யெஸெர்ஷியில் இதை அளந்தார்கள். வானத்திலிருந்து இறங்கிய நீரில் லிட்டருக்கு 42 மில்லிபெக்கரல் இருந்தது. அதாவது, ஒரு லிட்டரில் சுமார் 24 வினாடிக்கு ஓர் அணு சிதைகிறது. ஓடை நீரில் இருந்ததோ லிட்டருக்கு 2 மில்லிபெக்கரல்தான். எட்டு நிமிஷத்துக்கு மேல் காத்திருந்தால் ஓர் அணு சிதையும்.

அந்த நீர்ப்பிடிப்பில் நீர் சராசரியாக ஆறரை மாதம் தங்கிப் போகிறது. நீரோடு கைகோத்துக் கந்தகமும் வந்திருந்தால், ஆறரை மாதத்தில் அழிந்தது போக லிட்டருக்கு சுமார் 9 மில்லிபெக்கரலாவது மிஞ்சியிருக்க வேண்டும். இருந்தது 2. எனவே நீர் தன் வழியே போய்விட்டது. கந்தகம் மண்ணில் நின்றுவிட்டது. வந்திறங்கிய கந்தகத்தில் 100-க்கு 95 பங்குக்கு மேல் பல மாதங்களுக்காவது மண்ணிலேயே தங்கிவிடுகிறது என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. செங்குத்தான சரிவில்கூட இதுதான் நிலைமை. அப்படியானால் ஓடையில் போய்க்கொண்டிருந்த மும்மடங்குக் கந்தகம்? பழைய கையிருப்பு.

முதல் சாராரின் வாதம் இங்கே அடிபடுகிறது. இறங்கியதில் 20-ல் 19 பங்கை மண் இழுத்து வைத்துக்கொள்ளும் என்றால், புகை கவிந்திருந்த அத்தனை ஆண்டுகளிலும் எவ்வளவு சேர்ந்திருக்கும்! ஓடையில் வருவது அந்தக் குவியல் கரைந்து வருவது. புகைபோக்கியைச் சுத்தம் செய்யாமல் விட்டிருந்தால் குவியல் இன்னும் உயர்ந்திருக்கும். இரண்டாம் சாராரின் வாதமும் நிற்கவில்லை. காற்று சுத்தமானாலும் மண் சுத்தமாகவில்லை. வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

மண் செய்யும் மாயம்

மண் கந்தகத்தைப் பிடித்து வைப்பதற்கு வழிகள் பல. இரும்பு, அலுமினியம் கலந்த துகள்களின் மேல் ஸல்பேட் ஒட்டிக்கொள்ளும். மரமும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் அதை உண்டு தங்கள் உடம்பாக்கிக்கொள்ளும். அவை மடிந்து மக்கும்போது மறுபடி வெளியே வரும். ஒட்டிப் பிரிவதில் ஐஸோடோப் விகிதம் அநேகமாக மாறுவதில்லை. உடம்புக்குள் போய் வருவதில் சற்றே மாறும். அத்துடன் ஸல்பேட்டில் உள்ள ஆக்ஸிஜனும் மாறிவிடும். ஆகாயத்தில் பிறந்த ஸல்பேட்டில் கனமான ஆக்ஸிஜன் அதிகம். மக்கிய பொருளிலிருந்து பிறந்த ஸல்பேட், மண்ணில் உள்ள நீரின் லேசான ஆக்ஸிஜனை வாங்கிக்கொள்கிறது. இப்படி இரண்டு சாட்சிகளையும் சேர்த்து விசாரித்தால் உண்மை பிடிபடும்.

சதுப்பு நிலத்தில் நடப்பது இன்னும் விசித்திரம். காற்றுப் புகாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனுக்குப் பதிலாக ஸல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. அவற்றுக்கு லேசான கந்தகம் என்றால் சுலபம். அதை முதலில் எடுத்துக்கொண்டு, கனமானதை நீரில் விட்டுவிடும். ஆகையால் ஊற்று நீரில் ஸல்பேட் குறைந்து, கனமான கந்தகத்தின் பங்கு கூடியிருந்தால், வழியில் சேற்றுப் பாக்டீரியா வேலை செய்திருக்கிறது என்று கண்டுகொள்ளலாம்.

ஜெர்மனியின் பவேரியா மாகாணத்தில் பிஷ்டெல் மலை இருக்கிறது. மைன், ஸாலெ, ஏகர், நாப் என்று நாலு நதிகள் நாலு திசைக்குப் புறப்படும் மலை. அங்கே லேஸ்டன் ஓடைப் பகுதியில் பேய்ரூத் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஐஸோடோப் ஆராய்ச்சி இந்தச் சேற்று வேலையைக் காட்டியது. கேட்க நல்ல செய்திதான். சேறு கந்தகத்தை அடக்கி வைக்கிறது. ஆனால் அது நிரந்தர அடக்கம் அல்ல. கடும் கோடை வந்து சேறு வறண்டு காற்றுப் புகுந்தால், அடங்கியிருந்த கந்தகம் மறுபடி ஸல்பேட்டாகி அமிலத்தோடு கிளம்பிவிடும். அடுத்த மழையில் ஓடை திடீரென்று புளிக்கும். வறட்சிகள் கடுமையாகிவரும் இந்நாளில் இது லேசான விஷயம் அல்ல.

ஸல்பேட் தனியாகவும் போவதில்லை. போகும்போது மண்ணிலிருந்து கால்சியத்தையும் மக்னீஸியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அவை தீர்ந்த பிறகு அலுமினியத்தைக் கரைத்துக்கொண்டு போகும். மக்னீஸியம் போனால் மரத்தின் ஊசியிலை மஞ்சளிக்கிறது. பிஷ்டெல் மலையில் 1980-களில் கண்டது இதுதான். அலுமினியம் ஓடைக்கு வந்தால் மீனின் செவுள் கெட்டு மீன் சாகிறது. ஆகவே ஊற்றில் வரும் பழைய கந்தகம் வெறும் வரலாற்றுச் சின்னம் அல்ல. அது இன்றும் காட்டின் சத்தை வட்டியாக வாங்கிக்கொண்டிருக்கிறது. அப்பன் பட்ட கடனை மகன் மட்டுமல்ல, மகன் வீட்டு மரமும் மீனும் சேர்ந்து அடைக்கின்றன.

பழைய புட்டிகளின் மதிப்பு

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ஹப்பர்ட் புரூக் என்ற ஆராய்ச்சிக் காடு உண்டு. 1963 முதல் அங்கே மழையையும் ஓடையையும் விடாமல் அளந்து வருகிறார்கள். அளந்தபின் மிஞ்சிய நீரைக் கொட்டிவிடாமல் புட்டிகளில் பத்திரப்படுத்தினார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் புட்டிகளை வெளியே எடுத்து ஐஸோடோப் விகிதம் பார்த்தார்கள். ஓடையின் கந்தகம் மழையின் கந்தகத்தைவிடச் சற்று லேசாக இருந்தது. மழைக் கந்தகம் குழாயில் போவது போல நேராகப் போகவில்லை, காட்டு மண்ணின் உயிர்ப்பொருளுக்குள் புகுந்து புறப்பட்டிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

நீரை எடுத்து வைத்த நாளில் இப்படி ஒரு பரிசோதனைக்கு அது பயன்படும் என்று யாரும் எண்ணியிருக்க முடியாது. எடுத்து வைத்தார்கள், பயன்பட்டது. பணத்தட்டுப்பாடு வந்தால் முதலில் வெட்டு விழுவது இப்படிப்பட்ட நீண்டகால வேலைகளின் மேல்தான். தினமும் மழை அளப்பவரின் சம்பளம் கண்ணுக்குத் தெரிகிறது. அவர் அளக்காமல் விட்டால் உண்டாகும் நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிக்கனம் என்ற பெயரில் சாட்சியை ஊமையாக்குவது எந்த அரசுக்கும் அழகல்ல.

அமில மழையை உலகம் உணர்ந்ததும் அளவைகளால்தான். ஸ்வீடன் தேசத்து மண் விஞ்ஞானி ஸ்வாந்தே ஓதேன் பல ஆண்டு மழைக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்து, 1967-ல் ஒரு தினப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அயல் நாடுகளின் புகை ஸ்வீடனின் ஏரிகளைப் புளிக்க வைக்கிறது என்று அதில் எடுத்துக்காட்டினார். விஷயம் 1972-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐக்கிய நாடுகள் மகாநாடு வரை போயிற்று. 1979-ல் ஜெனீவாவில் உடன்படிக்கை ஆயிற்று. 1985-ல் கந்தகத்தை 100-க்கு 30 குறைப்பது என்று பல நாடுகள் கையெழுத்திட்டன. அளந்து வைத்த கணக்கு இல்லாமல் இவற்றில் ஒன்றும் நடந்திராது.

ஆட்சேபங்கள்

இந்த முறைக்குக் குறைகளே இல்லை என்று சொல்லுவது சரியல்ல. இரண்டு இடத்துக் கந்தகம் தற்செயலாக ஒரே எண்ணைக் காட்டினால் ஐஸோடோப் தீர்ப்புச் சொல்ல முடியாது. மண்ணில் நடக்கும் மாறுதல், பிறந்த இடத்தின் அடையாளத்தையே மறைத்துவிடுவதும் உண்டு. யந்திரத்தின் விலையும் அதிகம். ஆனால் ஒரே ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதும்படி யாரும் கேட்கவில்லை. மழைக் கணக்கு, ஓடைக் கணக்கு, மண் பரிசோதனை, ஐஸோடோப் ஆகிய நாலையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதே முறை. யந்திரம் நாட்டில் சில இடங்களில் இருந்தால் போதும். நீரையும் வெள்ளைப் பொடியையும் எங்கிருந்தும் அனுப்பலாம்.

வைத்தியம் செய்துவிட்டால் போதாதா, விசாரணை எதற்கு என்றும் சிலர் கேட்கலாம். க்ருஷ்னே ஹோரியில் வைத்தியமும் நடந்தது. சுண்ணாம்புக் கல் பொடியை விமானத்திலிருந்து தூவினார்கள். புகையைத் தாங்கும் என்று அமெரிக்க நீல ஸ்புரூஸ் மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். எவ்வளவு கடன் பாக்கி என்று தெரியாமல் எவ்வளவு சுண்ணாம்பு, எத்தனை வருஷத்துக்கு என்று எப்படி முடிவு செய்வது? நாடி பார்க்காத வைத்தியம் அதிர்ஷ்டத்தை நம்பிய வைத்தியம்.

இந்தியாவுக்கு இதில் பாடம் உண்டு

இன்று உலகில் கந்தக டையாக்ஸைடை அதிகம் வெளியிடும் நாடுகளின் முன்வரிசையில் இந்தியா இருக்கிறது. அனல் மின் நிலையங்கள் புகையிலிருந்து கந்தகத்தை நீக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2015 டிசம்பரில் விதி செய்தது. கெடு பல முறை தள்ளிப்போயிற்று. 2025 ஜூலையில், பெரிய நகரங்களுக்கும் காற்று மாசு மிகுந்த பகுதிகளுக்கும் அப்பால் உள்ள நிலையங்களுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. நாலில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட நிலையங்கள் இவ்வாறு தப்பின. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றில் உள்ள கந்தக டையாக்ஸைடு அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது, கருவிகளின் செலவு அதிகம் என்பவை இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்.

இந்தக் காரணங்களை ஒரேயடியாகத் தள்ள வேண்டியதில்லை. இந்திய நிலக்கரியில் கந்தகம் பொதுவாகக் குறைவு என்பது மெய். ஆனால் யெஸெர்ஷி ஓடை சொல்லும் பாடம் வேறு. காற்றை மட்டும் அளந்தால் பாதிக் கணக்குத்தான் தெரியும். மற்றப் பாதி மண்ணில் இருக்கிறது. கரியில் கந்தகம் குறைவாக இருக்கலாம். எரிக்கும் கரியோ மலை மலையாக இருக்கிறது. குறைந்த வட்டி என்று நாள்தோறும் கடன் வாங்கினால் கடன் வளராமல் இருக்குமா?

இன்னொரு விஷயம். வெப்ப நாடுகளில் நெடுங்காலம் மழையில் தேய்ந்த செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதிகம். அத்தகைய மண் ஸல்பேட்டை மேலும் இறுகப் பிடித்து வைக்கும். அமெரிக்காவின் தென்கிழக்குப் பிரதேச மலைகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். அங்கே பழைய மண் கந்தகத்தை நெடுநாள் விழுங்கி வைத்துக்கொண்டதால், வடக்கே உள்ள ஓடைகள் தேறத் தொடங்கிய பிறகும் தெற்கே உள்ளவை தேறுவது தாமதமாயிற்று. ஆகவே, 'எங்கள் மலையில் சுனை சுத்தமாக இருக்கிறது' என்று திருப்திப்படுவது அவசரம். மண் நிறையும் வரை சுனை ஒன்றும் சொல்லாது. நிறைந்த பிறகு சொன்னால், நிறுத்தச் சொல்லும் காலம் கடந்துபோயிருக்கும்.

தமிழ்நாட்டின் ஆறுகள் பலவற்றுக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளே தாய்வீடு. அந்தச் சுனைகளுக்கு ஆபத்து வந்துவிட்டது என்று பயமுறுத்துவது நியாயமாகாது. ஆனால் இன்றைக்கே அவற்றின் நீரைப் புட்டியில் எடுத்து, மழையோடு ஒப்பிட்டு, கந்தகத்தின் எடை விகிதத்தைப் பதிந்து வைப்பது நியாயம். அதற்கு ஆகும் செலவு, ஒரே ஒரு மின் நிலையத்துக்குக் கந்தகம் நீக்கும் கருவி வைக்கும் செலவில் தூசு. விலக்கு அளித்தது சரிதானா தவறா என்பதைப் பின்னால் வருபவர்கள் தீர்மானிக்க, அந்தக் குறிப்பேடு ஒன்றே ஆதாரமாக இருக்கும்.

பல்கலைக்கழகங்களும் வனத்துறையும் சேர்ந்தால் இதைச் செய்துவிடலாம். மலைக்குப் பத்துச் சுனைகள்; மாதத்துக்கு ஒரு புட்டி; ஒரு மழைமானி; ஒரு குளிர் அறை. பேரியம் குளோரைடைக் கல்லூரி மாணவனே ஊற்றுவான். வேண்டுவதெல்லாம், ஆட்சி மாறினாலும் அதிகாரி மாறினாலும் முப்பது வருஷம் விடாமல் செய்யும் உறுதி ஒன்றுதான்.

புகையை வெளியே விட்டால் தொலைந்தது என்று நினைத்த நாடுகள், அது காட்டின் கணக்கில் பைசா பாக்கியில்லாமல் வரவு வைக்கப்பட்டிருப்பதைக் கண்டன. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வைத்தார்கள் பெரியவர்கள். ஆகாயத்திலே விடுவதற்கும் அது பொருந்தும். அளக்காமல் விட்டால், பின்னொரு நாள் ஊற்றே அளந்து காட்டும். அப்போது அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டியவர்கள் இன்று பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் குழந்தைகள்.